இடப்பக்கம் பூட்டின ஸ்கோப்

தம்பி, நீர்தானே தமிழ் மொழிபெயர்ப்புக்கு வந்த ஆள்? கழுத்தில தொங்குற அட்டையைப் பாத்தே பிடிச்சிட்டன். இரும், இரும், இந்தக் கதிரையில இரும். உள்ள அவனுக்குக் கண்ணில மருந்து விட்டுப்போட்டு வச்சிருக்கினம். கண்மணி விரிஞ்சாப் பிறகுதான் டொக்டர் வருவாராம். இன்னும் கன நேரம் கிடக்கு.

நான் பரராசசிங்கம். உள்ள கிடக்கிறவன் குகநேசன், என்ர மனிசி வதனியின்ர தம்பி. அவனுக்கு இங்கிலீசு வராது. காளான் பண்ணையில வேலை. அங்க முழுக்க எங்கட சனம், பேந்து எங்கால இங்கிலீசு வரும்? எனக்கு நல்லா வரும். நானே உள்ள நிண்டு சொல்லிக் குடுக்கிறன் எண்டனான், அந்த நேர்ஸ் பெட்டை விடேல்லை. சொந்தக்காரர் மொழிபெயர்க்கக்கூடாதாம், சட்டமாம். மண்ணாங்கட்டிச் சட்டம். சரி, உம்மைக் கூப்பிட்டிருக்கினம், நல்லது. எவ்விடம் நீர்? வடமராட்சியோ? கதையிலேயே தெரியுது.

இஞ்ச பாரும், ஒரேயொரு விசயம். டொக்டர் வந்தவுடனை கேக்கப்போறது இதைத்தான்: கண்ணை மறைக்கத் தொடங்கினது எப்ப? நேர்ஸுக்கு நான் இண்டைக்குக் காலமை எண்டு சொல்லிப்போட்டன். இப்ப அவன் உள்ள கிடந்துகொண்டு வேற நாளைச் சொன்னால் என்ர மானம் என்னாகிறது? கண்ணுக்குப் பின்னால ஒரு தோல் இருக்காம், அது கழண்டு தொங்குதாம். கெதியாக் கொண்டுவந்தால் ஒட்டலாமாம், பிந்தினால் ஒட்டியும் பிரயோசனமில்லையாம். இவனுக்கு இருக்கிறதும் அந்த ஒரு கண்தான். மற்றதை ஊரில நடந்த கடைசிச் சண்டையில செல் வெடிச்ச துண்டு கொண்டுபோட்டுது. அப்ப பிந்திக் கொண்டுவந்தது ஆர் எண்டு கேள்வி வருமெல்லே? பழி ஆற்ற தலையில விழும்? அவன் குழம்பின பெடியன், நாள் கிழமை தெரியாது. நீர் கொஞ்சம் பாத்துச் சொல்லும். பொய் சொல்லச் சொல்லேல்லை. பாத்துச் சொல்லும் எண்டுதான் சொல்லுறன்.

ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? முழுக்கச் சொன்னால்தான் உமக்கு விளங்கும். நான் கூடாதவன் இல்லை, கேளும்.

இவனை இஞ்ச கூப்பிட்டது ஆர்? நான். என்ர வீட்டு பேஸ்மெண்டில வச்சிருக்கிறது ஆர்? நான். வேட்டைக்குப் பழக்கினது, லைசென்ஸ் சோதினைக்குக் கூட்டிக்கொண்டு போனது, அந்தச் செம்மஞ்சள் ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுவிட்டது, எல்லாம் நான். ஒவ்வொரு கார்த்திகையும் நாங்கள் நாலு பேர் வடக்க பரி சவுண்ட் எண்ட ஊர்ப் பக்கம் காட்டுக்குள்ள ஒரு கபின், மரவீடு, வாடகைக்கு எடுத்து மான் வேட்டைக்குப் போறனாங்கள். நான், மணியண்ணை, மணியண்ணையின்ர சகலன், இவன். இவன் வந்தது சமைக்க எண்டுதான் வையுமன்.

கோதாரி எங்க தொடங்கினது எண்டால், பண்ணைக்குப் பக்கத்தில வால்டர் எண்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவன். இவன் போய் அந்தாளின்ர வாசல்ல பனி தள்ளிக் குடுப்பான், விறகு கொத்திக் குடுப்பான். ரெண்டு பேருக்கும் கதைக்கப் பாஷை இல்லை, சும்மா கையைக் காலை ஆட்டுவாங்கள். கிழவன் வயோதிபர் இல்லத்துக்குப் போற நேரம் தன்ர துவக்கைத் தூக்கி இவனிட்டக் குடுத்திட்டுப் போட்டுது. பழைய துவக்கு, தகப்பன்ர காலத்தது. நீர் குதிரைக்காரப் படங்கள் பாத்திருப்பீர், கீழ ஒரு இரும்பு வளையத்தை டக்கு டக்கெண்டு இழுத்து இழுத்துச் சுடுவாங்களே, அந்த இனம். தோள்ல முட்டுற பிடங்கு வாதுமை மரம். என்ன வடிவு தெரியுமே! எனக்கு ஏன் உப்பிடி ஒருத்தரும் தரேல்லை எண்டு நான் ஒருநாளும் நினைச்சதில்லை. ஆனால் நீரே சொல்லும், ஒத்தைக் கண்ணனுக்கு எதுக்குத் துவக்கு?

எதுக்கு எண்டு அவன் காட்டினான். முதல் வருசமே ஒரு கலைமான். மற்ற வருசம் இன்னொண்டு. ஸ்கோப் கீப் எண்டு குறிபாக்கிற தூரக்கண்ணாடி ஒண்டுமில்லை. குழாயில இருக்கிற ரெண்டு துண்டு இரும்பை நேராக்கிப் பாத்துச் சுடுறது. வலக்கண் இல்லாதபடியால் இடத்தோள்ல பிடங்கை வச்சு, இடக்கண்ணால பாத்து, ஒரே வெடி. நான் அதே துவக்கை வாங்கிச் சுட்டனான். அவன் கேட்டவுடனை தருவான், அதில குறை சொல்லக்கூடாது. "அத்தான் சுடட்டும்" எண்டு தந்திட்டுத் தள்ளி நிப்பான். எனக்கு அந்த இரும்புத் துண்டு தெரியிறேல்லை. ஐம்பத்தாறு வயசு, கிட்டப் பாத்தால் தூரம் தெரியாது, தூரம் பாத்தால் கிட்டத் தெரியாது. மான் நிண்ட மாதிரியே நிண்டு என்னைப் பாத்திட்டுப் போகும்.

பேந்து அந்த மணியண்ணை இருக்கிறாரே, வாய் சும்மா கிடக்காது. "பரா, உனக்கு ரெண்டு கண் இருந்து என்ன, மச்சானிட்ட அந்த ஒண்டைக் கைமாத்தா வாங்கடா" எண்டார். நாலு பேருக்கு முன்னால, தம்பி! எல்லாரும் சிரிச்சவங்கள். இவனும் சிரிச்சவன். பேந்து நான் பாத்தவுடனை வாயை மூடிக்கொண்டு இறைச்சி வெட்டப் போட்டான். ஆனால் சிரிச்சவன். நான் கண்டனான்.

அப்பதான் யோசிச்சன், இந்தத் துவக்குக்கு ஒரு ஸ்கோப் பூட்டினால் என்ன எண்டு. எல்லாருக்கும் நல்லதுதானே? எனக்கும் தெரியும், அவனுக்கும் உதவி. பாவம் ஒத்தைக் கண், அதுக்குப் பெருப்பிச்சுக் காட்டினால் சந்தோசப்படுவான் எண்டு நினைச்சுத்தான் செய்தனான். வதனி கேட்டவள், "தம்பியைக் கேட்டனீங்களே?" எண்டு. ஏன் கேக்கவேணும்? என்ர வீட்டில இருக்கிற துவக்கு.

அவன் வேலைக்குப் போன நேரம் கீழ இருந்து வீடியோவைப் பாத்துப் பாத்துச் செய்தன். உந்தப் பழைய துவக்குகளுக்கு ஸ்கோப்பை மேல வைக்கேலாது தம்பி. சுட்டுப்போட்டு வளையத்தை இழுத்தவுடனை தோட்டாவின்ர வெறுங்கோது மேலாலதான் துள்ளி வெளிய வரும். மேல ஸ்கோப் இருந்தால் அதில முட்டி உள்ளயே இறுகிப்போம். அதால பக்கத்தில ஒரு தகடு வச்சு, ஒரு பக்கத்துக்கு விலத்திப் பூட்டவேணும். இடப்பக்கம். வலத்தோள்ல வச்சுச் சுடுறவனுக்குத் தலை துவக்குக்கு இடப்பக்கம்தானே நிக்கும், அப்ப கண் நேரா ஸ்கோப்புக்கு வரும். எனக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி வந்தது. இரும்பு எண்டால் இரும்பு, அப்பிடி ஒரு இரும்பு. துளைக்கிற ஊசி ஒண்டு முறிஞ்சு போட்டுது. முதல் ஓட்டை சறுக்கிக் கோணலாப் போச்சு, அதை விட்டிட்டுப் பக்கத்தில வேற அடிச்சன். குழாயில இருந்த பழைய இரும்புக் குறியையும் தட்டிக் கழட்டிப்போட்டன். விட்டிருக்கலாம் எண்டு வீடியோவில சொன்னவன்தான். எனக்கு அது கண்ணுக்குள்ள இடைஞ்சல். கழட்டுற நேரம் உடைஞ்சும் போச்சு.

பின்னேரம் அவன் வந்தான். ஜாக்கெட்டும் கழட்டேல்லை, சப்பாத்தும் கழட்டேல்லை, துவக்கைக் கையில எடுத்தான். அந்தக் கோணல் ஓட்டைக்கு மேல பெருவிரலை வச்சுக்கொண்டு நிண்டான். ஒரு சொல்லு நல்லாயிருக்கு எண்டு சொல்லவேணுமே? நான் முழுநாளும் மினக்கெட்டுச் செய்திருக்கிறன். கடைசியா மெல்லமாச் சொல்லுறான், "அத்தான், இது வலப்பக்கக் கண்ணுக்கெல்லே. எனக்கு அந்தப் பக்கம் கண் இல்லையே" எண்டு.

நான் சொன்னன், பழகுவாயடா எண்டு. கையை மாத்து, தலையைக் கொஞ்சம் சரி, எல்லாம் பழக்கம்தான். உலகத்தில எத்தினை பேர் எத்தினை விதமாப் பழகுறாங்கள். "பழைய குறி எங்க அத்தான்?" எண்டு கேட்டான். குப்பைக்குள்ள எண்டன். அண்டிரவு அவன் சாப்பிட மேல வரேல்லை. நன்றி கெட்ட சாதி எண்டு வதனிக்குச் சொன்னன், அவள் அதுக்கு அழுகிறாள். அக்காவும் தம்பியும் ஒரே அச்சுத்தான்.

சரி, இனிக் கேளும், நீர் கேக்கவேண்டிய இடம் இதுதான். போன வெள்ளிக்கிழமை கபினுக்குப் போனம். புது ஸ்கோப் எண்டால் முதல் குறி சரி பாக்கவேணும், மரத்தில கடதாசி ஒட்டிச் சுட்டுப் பாக்கிறது. நான் சுட்டன். அருமை! கடதாசியில நடுவில விழுந்துது. மணியண்ணைக்கு வாய் அடைச்சுப்போச்சு. அப்ப எனக்குச் சந்தோசத்தில ஒரு புளுகம். இவனையும் கூப்பிட்டு, "வாடா, நீயும் ஒண்டு சுடு, எல்லாரும் பாக்கட்டும்" எண்டன். மாட்டன் எண்டான். "எனக்குப் பக்கம் மாறிக் கிடக்கு அத்தான், பிடங்கில கன்னம் படாது" எண்டான். சாட்டுச் சொல்லாத எண்டன். இவ்வளவு நாளும் பெரிய வேட்டைக்காரன், இண்டைக்கு என்ன நடுக்கம் எண்டன். மணியண்ணை "விடு பரா, பெடி வேண்டாம் எண்டால் விடன்" எண்டார். அந்தாள் ஆர் இடையில?

எடுத்தான். இடத்தோள்ல வச்சான். ஸ்கோப் எங்கயோ அங்கால நிக்குது. இவன் பிடங்குக்கு மேலால கழுத்தை வளைச்சு, தலையை மற்றப் பக்கம் நீட்டி, கண்ணைக் கொண்டுபோய் ஸ்கோப்பில ஒட்டினான். எங்களுக்குச் சிரிப்பு. வேலியால எட்டிப் பாக்கிற ஆடு மாதிரி நிண்டான், என்ன செய்யிறது, சிரிப்பு வரும்தானே? "கிட்ட வை, இன்னும் கிட்ட வை, தெரியுதே?" எண்டன். "ஒரு வட்டம் தெரியுது அத்தான்" எண்டான். சுடு எண்டன்.

துவக்கு பின்னுக்கு வந்து ஸ்கோப் புருவத்துக்குக் கீழ அடிச்சுப்போட்டுது. ரத்தம். பெரிசா ஒண்டுமில்லை. ஸ்கோப்புக்குப் புதுசா வாறவன் எல்லாருக்கும் ஒருக்கா அடிக்கும், அதுக்கு வெள்ளைக்காரர் ஒரு பேரே வச்சிருக்கிறாங்கள். நான்தான் பஞ்சு வச்சுக் கட்டிவிட்டனான். அதையும் எழுதச் சொல்லும். கட்டிவிட்டது நான்.

அடுத்தநாள் சனிக்கிழமை, கண்ணுக்குள்ள மின்னுது எண்டான். இலையான், ஈ பறக்கிற மாதிரிக் கறுப்புக் கறுப்பாப் பறக்குது எண்டான். நித்திரை கொள்ளு எண்டன். பின்னேரம் வந்து, "அத்தான், ஒரு கரையில கறுப்புச் சீலை தொங்குது, கீழ இறங்கி வருது" எண்டான். நான் என்ன கண் டொக்டரே? தொங்கினால் தொங்கட்டும், விடிய மாறும் எண்டன். மணியண்ணை உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம் எண்டு துள்ளினார். வாகனம் என்ர. ஓடுறது நான். திங்கட்கிழமை, இண்டையோட வேட்டைச் சீசன் முடியுது, நான் ஒண்டும் சுடேல்லை. இவ்வளவு பாடுபட்டு ஸ்கோப் பூட்டினது திரும்பிப் போகவே? அந்தாள் கதைக்கிறது லேசு.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தான். சீனிக்குப் பதிலா உப்பு! நாங்கள் சிரிச்ச சிரிப்பு, தம்பி. அவனும் சிரிச்சான், "மன்னியுங்கோ அத்தான், டப்பா தெரியேல்லை" எண்டு. அப்ப பாரும், சிரிக்கிறவனுக்கு என்ன வருத்தம் இருக்கும்? வருத்தம் எண்டால் மனிசன் கத்துவான், குழறுவான். இவன் கத்தேல்லை. அது என்ர பிழையோ?

அண்டைக்குப் பின்னேரம்தான் எனக்கு மான் கிடைச்சுது. அப்பிடி ஒரு மான்! ஸ்கோப்புக்குள்ளால பாக்கிறன், அதின்ர கண் இமை தெரியுது. ஒரே வெடி. மணியண்ணைக்கு வாய் திறக்கேல்லை, ஒரு பகிடியும் வரேல்லை. இழுத்துக்கொண்டு வர ஆள் காணாமல் இவனைக் கூப்பிட்டன். வந்தான், கயித்தைப் பிடிச்சான், கல்லில தடுக்கி ரெண்டு தரம் விழுந்தான். "முழுக்க இருட்டிப் போச்சே அத்தான்?" எண்டு கேட்டான். ஓம், கார்த்திகை, கெதியா இருட்டும்தானே எண்டன். உண்மையாச் சொன்னால் அப்ப இன்னும் வெளிச்சம் கிடந்தது. ஆனால் அவனைப் பயப்பிடுத்தக்கூடாது எண்டுதானே அப்பிடிச் சொன்னனான்? நானும் மனிசன்தானே.

இண்டைக்குக் காலமை எழும்பி, "அத்தான், லைற்றைப் போடுங்கோ" எண்டான். லைற் எரியுது. அப்பதான் நான் சீரியஸா எடுத்தனான். அதாலதான் காலமை எண்டு சொன்னனான், பாத்தீரே? முழுக்க மறைச்சது காலமைதான். அதில என்ன பொய்? உடனை வெளிக்கிட்டு வந்திட்டம். வழியில இறைச்சி வெட்டுறவனிட்ட ஒருக்கா நிப்பாட்டினதுதான், மான் பழுதாப் போயிடுமெல்லே. அவன் வாகனத்துக்குள்ளதான் இருந்தவன், வெப்பமாத்தான் இருந்தவன். ஹீற்றரை நான் போட்டுவிட்டுத்தான் இறங்கினனான்.

ஆ, உம்மைக் கூப்பிடுறாள். போம், போம். காலமை. மறந்திடாதையும் என்ன?

வந்திட்டீரே! இவ்வளவு நேரம் என்ன? இரும். என்ன சொன்னவன்? சொல்லக்கூடாதோ? நான் என்ன பிறத்தியானே?

ஆ? அவனே சொல்லிவிட்டவனோ, என்னட்டச் சொல்லச் சொல்லி? சொல்லும் பாப்பம்.

"இண்டைக்குக் காலமை எண்டுதான் சொன்னனான், அத்தான் பயப்பிட வேண்டாம்" எண்டோ? ஹ! ஹஹ! பாத்தீரே தம்பி? நான் சொல்லேல்லையே? நானும் காலமை, அவனும் காலமை. இவ்வளவு நேரமும் என்னை ஏதோ கொலைகாரனைப் பாக்கிற மாதிரிப் பாத்துக்கொண்டு இருந்தீரே, இப்ப என்ன சொல்லுறீர்? அவன்ர வாயாலையே வந்திட்டுது. நல்ல பெடியன். நான் எப்பவும் சொல்லுறனான், அவன் நல்ல பெடியன். வேற என்ன சொன்னவன்? "அக்காவுக்கு ஸ்கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டாம், சண்டை வரும்" எண்டோ? பாத்தீரே, அறிவு இருக்கு.

பொறும், டொக்டர் வாறார். நீர் இதில நில்லும், எனக்கு விளங்கும்.

கேட்டனீர்தானே, அவர் சொன்னதை? இது இண்டைய காயம் இல்லையாம். கண்ணுக்குள்ள பாக்கத் தெரியுதாம், நாள் கணக்காக் கழண்டு கிடந்ததாம். உடனை வந்திருந்தால் நல்லாப் பாத்திருப்பானாம். கண்ணோட கதைக்கிறாராம்! கண் வாய் திறந்து சொன்னதோ? அடிபட்டவனே காலமை எண்டு சொல்லுறான், இவர் ஆர் இல்லை எண்டு சொல்ல? படிச்சவங்களுக்கு எப்பவும் தாங்கள் சொல்லுறதுதான் சரி. ஒப்பரேஷன் செய்வினமாம், ஆனால் பார்வைக்காக இல்லையாம், கண் சுருங்காமல் இருக்கவாம். வெளிச்சம் இருட்டுத் தெரிஞ்சால் அதுவே பெரிசாம்.

பார்வை வராது. ம்.

முப்பத்தெட்டு வயசு. இனி ஆர் பாக்கிறது அவனை? நான்தான் பாக்கவேணும். வதனி குழறுவாள். பண்ணை வேலையும் போச்சு. அந்தப் பேஸ்மெண்டுப் படி வேற செங்குத்து. என்ர தலைவிதியைப் பாரும். துவக்கையும் இனி நான்தான் வச்சிருக்கவேணும், அவனுக்கு இனி லைசென்ஸ் இருந்து என்ன. ஸ்கோப் எண்டாலும் வீண்போகாது.

என்ன சொல்லுறாள் அந்தப் பெட்டை? சொந்தக்காரர் ஒராள் உள்ள வரட்டாமோ? டொக்டர் அவனுக்கு இப்ப சொல்லப்போறாராம், சொல்லுற நேரம் ஆரும் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தால் நல்லமாமோ?

நான் போகேலாது தம்பி. எனக்கு உதெல்லாம் தாங்காது. பிரஷர் இருக்கு, குளுசை போடுறனான். அவன் அழுதால் எனக்கு ஏதும் ஆகிப்போம். வாகனத்தையும் பாக்கவேணும், நேரம் முடிஞ்சால் அவங்கள் உடனை தண்டம் எழுதுவாங்கள்.

நீர்தானே எப்பிடியும் உள்ள போகவேணும். நீர் பிடியும். என்ன, என்னைக் கேட்டவனோ? கேட்டால் ஓம், அத்தான் இதிலதான் நிக்கிறார் எண்டு சொல்லும். டொக்டர் சொல்லுறதைச் சொல்லும், மற்ற நேரம் வாயைத் திறவாமல் கையைப் பிடிச்சுக்கொண்டு இரும். அத்தான் எண்டு நினைச்சுக்கொள்ளட்டும். போம் தம்பி, போம். ஆற்ற கை எண்டு அவனுக்கென்ன தெரியப்போகுது.